ஸ்லீவா, பிளேட்டிங்கா? - தேய்ந்த சிலிண்டர் ஒன்று கற்றுத் தந்த வியாபாரப் பாடம்



பண்டாரவளையில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்தும் எனக்கு ஒரு கேள்வி நன்கு பழகிப்போனது. வாடிக்கையாளர் ஒரு சிலிண்டரைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு வருவார். மேசையில் வைத்துப் பிரித்துக் காட்டிவிட்டு, "இதத் திருத்த ஏலுமா? எவ்வளவு போகும்?" என்று கேட்பார். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு அவசரமாகப் பதில் சொன்னதால் ஒருமுறை நான் இழந்தது சிறியதல்ல. அந்த இழப்பையும், அதன் பின்னர் தேடிப் படித்துக்கொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நான் சொல்லப்போவது டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியது. உதிரிப்பாகக் கடை, கராஜ், லேத் பட்டறை வைத்திருப்போருக்கு இது நேரடியாக உதவும். மற்றைய தொழில் செய்வோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கின்றது.

எமது நாட்டில் 2020 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் பெருமளவில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் பழையதைத் திருத்தி ஓட்டுவது ஒரு பழக்கமாகவே மாறிவிட்டது. மறுபுறத்தில், 2008 ஆம் ஆண்டு டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டதிலிருந்து அந்த எஞ்சின்களில் கைதேர்ந்த பாஸ்மாரின் எண்ணிக்கையும் குறைந்து வருகின்றது. வேலை இருக்கின்றது, வேலை தெரிந்தவர் குறைவு. இப்படியான இடத்தில்தான் வியாபாரமும் இருக்கும், பிழைகளும் இருக்கும்.

நான் விட்ட பிழை

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப்பாதை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் உள்ளது. அங்கே மண்ணில் பாயும் பைக்குகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒருநாள் தாமும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. பல வருடங்களுக்கு முன்னர் வெலிமடைப் பக்கம் மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர், தன் மகனின் யமஹா வை.இசட். 125 பைக்கின் சிலிண்டரோடு கடைக்கு வந்தார். அவர் எனது நீண்டநாள் வாடிக்கையாளர். அவருடைய லொறிகளுக்கான ஒயிலும் ஃபில்டரும் எங்கள் கடையில்தான் எடுப்பார்.

"தம்பி, மகன்ட பைக் இறுகி நின்டு போச்சு. பிள்ள ஓட்டத்துக்குப் பேர் குடுத்திரிக்கான். சுருக்கா ஒரு வழி பாருங்க" என்றார்.

சிலிண்டரின் உட்சுவரில் நீளக் கோடுகள் தெரிந்தன. நான் அளந்து பார்க்கவில்லை, கழுவியும் பார்க்கவில்லை. "இது முடிஞ்சி ஹாஜியார். ஸ்லீவ் போட்டா புதுசு மாதிரி வரும்" என்று சொல்லிவிட்டேன். காருக்கும் முச்சக்கர வண்டிக்கும் வருடக்கணக்காக ஸ்லீவ் போடும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிஸ்டனுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பாஸ் கேட்டபோது, பிஸ்டன் பெட்டியில் இருந்த கடதாசியைப் பார்த்து அதிலிருந்த அளவைச் சொன்னதும் நான்தான். அந்த அளவு பிளேட்டிங் செய்த சிலிண்டருக்கு உரியது என்பது எனக்குத் தெரியாது.

பையன் பயிற்சிக்குப் போன மூன்றாம் நாள், நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகியது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஓட்டத்தில் இறுகினால் பின் சில்லும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். கிளச்சைப் பிடிக்க ஒரு நொடி தாமதித்தாலும் விழ வேண்டியதுதான். பையன் தூக்கி எறியப்பட்டான். தோள் எலும்பு முறிந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஆகாமல் உயிர் தப்பினான்.

செலவை நான் ஏற்றுக்கொண்டேன். ஹாஜியார் கோபப்படவும் இல்லை. கடைக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "காசு போனது பரவாயில்ல தம்பி. தெரியாதுன்டா தெரியாதுன்டு சொல்லியிருக்கலாமே." அதன் பின்னர் அவருடைய லொறிகள் வேறு கடைக்குப் போயின. இருபது வருட வியாபார உறவு, நான் அளந்து பார்க்காத ஒரு சிலிண்டரால் அறுந்தது.

இரண்டு வகைச் சிலிண்டர்கள்

அதன் பின்னர்தான் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். முதலில் விளங்கிக்கொண்டது, வெளியே பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் சிலிண்டர்கள் உள்ளே இரண்டு வகைப்பட்டவை என்பதாகும்.

முதலாவது வகை, அலுமினிய உடலுக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் வைத்தது. எமது வீதிகளில் ஓடிய யமஹா ஆர்.எக்ஸ். 100, பழைய காற்றுக் குளிர்ச்சி டீ.டீ. 125 போன்றவை இந்த வகை. தேய்ந்தால் போர் பண்ணி, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன் போடலாம். பட்டறைகளுக்கு நன்கு பழகிய வேலை இது.

இரண்டாவது வகையில் ஸ்லீவே இல்லை. அலுமினியச் சுவரின் மீதே கடினமான ஒரு பூச்சு மின்முலாமாக ஏற்றப்பட்டிருக்கும். நிக்கல் உலோகத்துக்குள் சிலிக்கன் காபைட் என்னும் மிகக் கடினமான துகள்கள் கலந்த பூச்சு அது. ஜேர்மனியின் மாலே நிறுவனம் 1960 களில் சுழல் எஞ்சின்களுக்காக இதனை உருவாக்கி 'நிக்காசில்' என்று பெயரிட்டது. இன்று போட்டிக்கான டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் பெரும்பாலும் இந்த வகைப் பூச்சே உள்ளது. அதன் தடிப்பு ஒரு கடதாசித் தாளின் தடிப்பை விட அதிகமிராது.

எது எந்த வகை என்று அறிய ஒரு சிறு காந்தம் போதும். இரும்பு ஸ்லீவில் காந்தம் இறுக்கமாக ஒட்டும். பிளேட்டிங் சுவரில் ஒட்டாது, அல்லது மிக இலேசாகவே இழுக்கும். சிலிண்டரின் மேல் விளிம்பைப் பார்த்தாலும் தெரியும். ஸ்லீவ் இருந்தால் இரு உலோகங்கள் சேருமிடத்தில் வட்டமாக ஒரு கோடு இருக்கும்.

பிளேட்டிங் செய்த சிலிண்டரைச் சாதாரண போரிங் கருவியால் பெரிதாக்க முடியாது. பூச்சு பெயர்ந்துவிடும். வைரத் துகள் பதித்த ஹோன் கற்களால்தான் அதில் வேலை செய்ய முடியும். ஆகவே "0.25 போர் பண்ணித் தாங்க" என்று இப்படியான சிலிண்டரை யாராவது கொண்டுவந்தால், அந்த வேலையை ஏற்க வேண்டாம்.

உண்மையில் தேய்ந்துதான் விட்டதா?

எஞ்சின் இறுகியபின் சுவரில் தெரியும் எல்லாக் கோடும் சிலிண்டரின் காயமல்ல. பல வேளைகளில் பிஸ்டனின் அலுமினியம் உருகி, பூச்சின் மேல் அப்பிக்கொண்டிருக்கும். அது அழுக்கு மாதிரித்தான். கோஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும், நிக்கல் பூச்சைத் தொடாது. ஒரு துணியில் அல்லது பஞ்சுக் குச்சியில் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் வைத்தால் நுரைக்கத் தொடங்கும். அப்பியது கரைந்து முடிந்ததும் நுரை நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்து நுரைத்தால், அந்த இடத்தில் பூச்சு போய்விட்டது, கரைவது சிலிண்டரின் உடல் என்று பொருள். உடனே தண்ணீர் விட்டுக் கழுவி நிறுத்திவிட வேண்டும். துவாரங்களின் விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் அலுமினியம் வெளியே தெரிவதால் அங்கே கரைசல் வழியவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் மட்டுமே இதனைச் செய்யுங்கள். கடைப் பையன்களிடம் இந்த வேலையை விட்டுவிட்டு நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

கழுவியபின் விரல் நகத்தை மெதுவாகச் சுவரில் இழுத்துப் பாருங்கள். நகம் எங்கும் மாட்டாவிட்டால், பூச்சு எங்கும் உரியாமல் இருந்தால், அளவும் சரியாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்கு ஸ்லீவும் வேண்டாம், புதுப் பூச்சும் வேண்டாம். புதிய பிஸ்டனும் ரிங்கும் போதும்.

அளவை எப்படிப் பார்ப்பது? போர் கேஜ் கொண்டு மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும் பக்கவாட்டாகவும் என ஆறு அளவுகள் எடுக்க வேண்டும். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கூம்பாகத் தேய்ந்ததைக் காட்டும். முன்பின்னுக்கும் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் வட்டம் கெட்டதைக் காட்டும். எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பது அந்தந்த மாதிரியின் சேர்விஸ் புத்தகத்தில் இருக்கும். அத்தோடு புதிய ரிங்கைச் சுவருக்குள் நேராக இறக்கி, அதன் இரு முனைகளுக்கிடையில் உள்ள வெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். புத்தகத்தில் உள்ளதை விட வெளி அதிகமென்றால் சிலிண்டர் தேய்ந்திருக்கின்றது.

ஹாஜியாரின் சிலிண்டர் உண்மையில் தேய்ந்திருந்ததா, அல்லது அலுமினியம் அப்பியிருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பூச்சைத்தான் ஸ்லீவுக்காகக் கடைந்து எறிந்துவிட்டோமே.

ஸ்லீவ் போடுதல்

அளந்து பார்த்து, சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று உறுதியான பின்னரே அடுத்த கேள்வி எழும். ஸ்லீவ் போடுவதென்றால் அலுமினியச் சுவரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்குள் வார்ப்பிரும்புக் குழலொன்றை இறக்குவதாகும். குழலின் வெளி அளவு துளையின் அளவை விட மயிரிழை பெரிதாக இருக்கும். சிலிண்டரை அடுப்பில் சூடாக்கி, குழலைக் குளிரூட்டி இறக்குவார்கள். ஆறியதும் அலுமினியம் அதனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, துவாரங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவை உள்ளே வருவதும் புகை வெளியேறுவதும் சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் வழியாகத்தான். பட்டறைக்காரர் இவற்றை போர்ட் என்பர். குழலில் உள்ள துவாரங்கள் சிலிண்டரின் துவாரங்களோடு உயரத்திலும் அகலத்திலும் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் பைக்கின் இழுவை மாறிவிடும். எக்ஸோஸ்ட்டில் பவர் வால்வ் உள்ள மாதிரிகளில் அந்த வால்வ் அசைய வேண்டிய இடத்தையும் குழலில் வெட்ட வேண்டும்.

இரண்டாவது, துவாரங்களின் விளிம்பு. வெட்டியபின் கூராக நிற்கும் விளிம்பை மழுக்கிச் சரிவாக்க வேண்டும். ரிங் ஒவ்வொரு சுற்றிலும் இந்தத் துவாரங்களைக் கடந்து போகின்றது. விளிம்பு கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும்.

மூன்றாவது, குழலின் மேல் விளிம்பு. மேலே ஒரு விளிம்பு வைத்து, அது சிலிண்டரில் வெட்டிய படியில் அமர வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் பிடி தளரும்போது குழல் கீழே இறங்கவோ திரும்பவோ கூடும்.

நான்காவது, நான் கோட்டைவிட்ட இடம். பிஸ்டன் அலுமினியக் கலவை. 54 மி.மீ. பிஸ்டன் 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீற்றர் பருக்கும். வார்ப்பிரும்பு அதில் ஏறத்தாழ பாதியளவே விரியும். அலுமினியச் சுவரில் மெல்லிய பூச்சு மட்டும் இருக்கும்போது, சுவரும் பிஸ்டனோடு சேர்ந்து விரிந்து இடம் கொடுக்கும். இரும்புக் குழல் அவ்வளவு இடம் கொடுக்காது. அத்தோடு அலுமினியம் வார்ப்பிரும்பை விட ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். குழல் போட்டபின் சூடு வெளியேறுவதும் தாமதமாகும். எனவே ஸ்லீவ் போட்ட சிலிண்டருக்குப் பிஸ்டன் இடைவெளி கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பதை ஸ்லீவ் தயாரித்தவரிடமும் பிஸ்டன் தயாரித்தவரிடமும் கேட்க வேண்டும். வார்த்த பிஸ்டனுக்கும் அடித்து உருவாக்கிய பிஸ்டனுக்கும்கூட அளவு வேறுபடும். பிளேட்டிங் சிலிண்டருக்கு எழுதிய கடதாசியை இதற்குப் பார்க்கவே கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தால் ஸ்லீவ் நல்ல வேலைதான். உள்ளூரில் செய்யலாம், சில நாட்களில் முடியும், பின்னர் தேய்ந்தால் போர் பண்ணலாம். நான் ஸ்லீவைக் குறை சொல்ல வரவில்லை. என் பிழையைத்தான் சொல்கின்றேன்.

மறுபடி பிளேட்டிங் செய்தல்

மற்ற வழி, தேய்ந்த பூச்சை அகற்றிவிட்டுப் புதிய பூச்சை ஏற்றுவது. அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் இதனையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் உள்ளன. நான் அனுப்பியவையும் வெளிநாட்டுக்கே போய் வந்தன.

அங்கே முதலில் சிலிண்டரைப் பரிசோதித்துப் பழைய பூச்சை நீக்குவார்கள். ஆழமான பள்ளம் இருந்தால் அலுமினிய வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து சீராக்குவார்கள். பின்னர் மின்முலாமாக நிக்கலும் சிலிக்கன் காபைட்டும் ஏற்றி, வைரக் கற்களால் ஹோன் செய்து, துவார விளிம்புகளை மழுக்கி அனுப்புவார்கள். கம்பனி கொடுத்த அளவுக்கே சிலிண்டர் திரும்பி வரும். ஆகவே எப்போதும் போல ஸ்டாண்டர்ட் பிஸ்டனையே போடலாம்.

புதிய பிஸ்டனை வாங்கிச் சிலிண்டரோடு சேர்த்து அனுப்பினால் அதன் அளவுக்கே ஹோன் செய்து தருவார்கள். அனுப்ப முன்னர் பவர் வால்வ், ஸ்டட், ரப்பர் சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போதே, 'திருத்தத்துக்காகப் போய்த் திரும்பி வரும் பொருள்' என்று சுங்கத்தில் பதிவு செய்து ஆவணத்தைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதிய பொருளாகக் கருதி வரி கேட்க இடமுண்டு. அனுபவமுள்ள கிளியரிங் முகவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இதன் குறை, காலமும் கூலியும். போக்குவரத்தோடு சேர்த்தால் பல வாரங்கள் ஆகலாம். "அடுத்த வாரம் ஓட்டம்" என்று வருபவருக்கு இது உதவாது. அவருக்கு அதனை நேராகச் சொல்லிவிட வேண்டும்.

வியாபாரிக்குரிய கணக்கு

கீழே நான் தரும் தொகைகள் சந்தை விலையல்ல. கணக்கு விளங்குவதற்காக மட்டுமே எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

ஸ்லீவ் வேலை 30,000 ரூபா, பிஸ்டன் 20,000 ரூபா என்று வைப்போம். முதற்செலவு 50,000 ரூபா. அடுத்த முறை பிஸ்டன் மாற்றும்போது போரிங் 10,000 ரூபாவும் பிஸ்டன் 20,000 ரூபாவுமாக 30,000 ரூபா. நான்கு தடவை இப்படிப் பெரிதாக்கியபின் மறுபடி புதிய ஸ்லீவ்.

பிளேட்டிங் 60,000 ரூபா, போக்குவரத்து 25,000 ரூபா, பிஸ்டன் 20,000 ரூபா. முதற்செலவு 105,000 ரூபா. பூச்சு நன்றாக இருக்கும்வரை அடுத்தடுத்த தடவைகளில் பிஸ்டன் மட்டும், 20,000 ரூபா.

நான்கு தடவை பிஸ்டன் மாற்றியபின் ஸ்லீவுக்கு மொத்தம் 170,000 ரூபா, பிளேட்டிங்குக்கு 185,000 ரூபா. இன்னும் ஸ்லீவே மலிவு. ஐந்தாவது தடவையில் புதிய ஸ்லீவ் வேண்டியிருப்பதால் அது 220,000 ரூபாவாகிவிடும். பிளேட்டிங் 205,000 ரூபாவில் நிற்கும்.

ஆகவே தோட்டத்துப் பாதையில் வார இறுதியில் மட்டும் ஓட்டுபவர், பல வருடத்துக்கு ஒருமுறை பிஸ்டன் மாற்றுபவர் என்றால் அவருக்கு ஸ்லீவ் போதும். அவரிடம் பிளேட்டிங்கை விற்பது அவருடைய காசை வீணாக்குவதாகும். அடிக்கடி பிஸ்டன் மாற்றும் போட்டி ஓட்டுநருக்குப் பிளேட்டிங்கே கடைசியில் மலிவு.

போட்டி ஓட்டுநருக்கு இன்னொரு விடயமும் உண்டு. வை.இசட். 125 இன் போர் 54 மி.மீ., ஸ்ட்ரோக் 54.5 மி.மீ. கொள்ளளவு ஏறத்தாழ 124.8 சீ.சீ. முதலாவது படியாக 0.25 மி.மீ. பெரிதாக்கினாலே அது ஏறத்தாழ 126 சீ.சீ. ஆகிவிடும். 125 சீ.சீ. என்று வரம்பு வைத்த போட்டியில் அந்த எஞ்சின் வரம்பைத் தாண்டியது. அதாவது போரிங் என்ற வசதியே அவருக்குப் பயன்படாது. ஒவ்வொரு தடவையும் புதிய ஸ்லீவ் என்றால் கணக்கு இன்னும் பிளேட்டிங் பக்கமே சாயும்.

மூன்றாவது வழியாகப் புதிய சிலிண்டர் வாங்குவதையும் மறக்க வேண்டாம். யமஹா இன்னும் வை.இசட். 125 ஐத் தயாரிக்கின்றது. ஆகவே புதிய சிலிண்டரின் விலையையும் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹொண்டாவின் சீ.ஆர். 125, சீ.ஆர். 250 போன்றவை 2007 ஆம் ஆண்டு மாதிரியோடு நின்றுவிட்டன. இப்படியானவற்றுக்குக் கையிலுள்ள பழைய சிலிண்டரே சொத்து. அதனை எறிந்துவிடாதீர்கள், எறியவும் விடாதீர்கள்.

தேய்ந்தது ஏன் என்று கேளுங்கள்

சிலிண்டரைத் திருத்தி, தேய்ந்த காரணத்தைத் திருத்தாவிட்டால் அதே சிலிண்டர் மறுபடி மேசைக்கு வரும். நான் இப்போது ஒவ்வொருவரிடமும் சில கேள்விகள் கேட்கின்றேன். எயார் ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழுவி எண்ணெயிட்டீர்கள்? செம்மண் தூசு ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் அது மணற்தாள் போல வேலை செய்யும். பெற்றோலில் ஒயிலை எப்படிக் கலக்கின்றீர்கள், அளந்தா, கண்மட்டத்திலா? 32 க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 31 மில்லிலீற்றர். கிராங்க் சீல் காற்று இழுக்கின்றதா? காற்று இழுத்தால் கலவை மெலிந்து பிஸ்டன் சூடேறி இறுகும். கூலன்ட் குறைந்திருந்ததா? காபரேட்டர் ஜெட் அடைபட்டிருந்ததா? எஞ்சின் ஒருமுறை உடைந்து இறுகியிருந்தால், உலோகத் துகள்கள் கீழே கிராங்க் பக்கம் போயிருக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மேலே புதுச் சிலிண்டர் பூட்டுவது வீண் செலவு.

நான் இப்போது கடைப்பிடிக்கும் ஒழுங்கு

1. வாடிக்கையாளரின் முன்னிலையில் சிலிண்டரை அளக்கின்றேன். ஆறு அளவுகளையும் பற்றுச்சீட்டில் எழுதி ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்கின்றேன்.

2. அளக்கவும் கழுவிப் பார்க்கவும் முன்னர் விலை சொல்வதில்லை.

3. ஸ்லீவ், பிளேட்டிங், புதிய சிலிண்டர் என மூன்றுக்கும் செலவையும் காலத்தையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுகின்றேன். தெரிவு அவருடையது.

4. பட்டறைக்குக் கொடுக்கும்போது இடைவெளி அளவு, துவார விளிம்பு, மேல் விளிம்பு ஆகியவற்றை எழுத்தில் கொடுக்கின்றேன். திரும்பி வந்ததும் நானே மீண்டும் அளக்கின்றேன். அளவு பிசகினால் வாங்குவதில்லை.

5. கொடுக்க முன்னர் சிலிண்டரைச் சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவுகின்றேன். ஹோன் செய்த தூள் உள்ளே இருந்தால் ரிங் உடனே தேயும். இரும்பு ஸ்லீவ் என்றால் துடைத்த கையோடு ஒயில் பூச வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

6. முதல் ஓட்டங்களில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டி, இடையிடையே எஞ்சினை ஆறவிடும்படி எழுதிக் கொடுக்கின்றேன். இரும்பு ஸ்லீவுக்கு இந்தப் பழக்கும் காலம் கூடுதலாக வேண்டும்.

7. எனக்குத் தெரியாத மாதிரி என்றால், தெரியாது என்று சொல்கின்றேன். தெரிந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டி அனுப்புகின்றேன்.

ஏழாவது விதிதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்ப எந்த வியாபாரிக்குத்தான் மனம் வரும்? ஆனால் நான் அனுப்பியவர்களில் பலர் அடுத்த தேவைக்கு என்னிடமே திரும்பி வந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மீண்டும் அந்த மேசையில்

சில வருடங்களுக்குப் பின்னர் ஒருநாள் மாலை, ஹாஜியாரின் மகன் கடைக்கு வந்தான். வளர்ந்து, தந்தையின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளும் வயது. கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய சிலிண்டர். அவனுடைய நண்பனுடையதாம். இன்னொரு கடையில் ஸ்லீவ் போடச் சொன்னார்களாம். "நானா, நீங்க ஒருக்கா பாருங்க" என்றான்.

நான் விலை சொல்லவில்லை. அவனை உட்கார வைத்துவிட்டுக் கையுறை மாட்டி, அப்பியிருந்த இடத்தைத் தொட்டுத் தொட்டுக் கழுவினேன். நுரை நின்றது. பூச்சு முழுமையாக இருந்தது. ஆறு அளவுகளும் வரம்புக்குள் இருந்தன. "ஸ்லீவ் வேணாம் தம்பி. பிஸ்டனும் ரிங்கும் போதும். ஆனா கிராங்க் சீலப் பார்க்காம பூட்ட வேணாம்" என்று சொல்லி, அளவுகளை எழுதிக் கொடுத்தேன். அன்றைய இலாபம் ஒரு பிஸ்டனில் வரும் சிறு தொகைதான்.

அடுத்த வாரம் ஹாஜியாரின் லொறியொன்று ஒயில் மாற்ற எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து ஸலாம் சொன்னார். பழைய விடயத்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வர்த்தக நண்பர்களே, வாடிக்கையாளர் எமது மேசையில் வைப்பது வெறும் உலோகத் துண்டல்ல, அது ஓர் அமானிதம். அந்த எஞ்சினின் மேல் ஒரு பிள்ளை ஏறி உட்காரப் போகின்றது. ஆகவே முதலில் அளந்து பாருங்கள், பிறகு விலை சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம்.